'இம்பார்ட்டன்ட்' என்னும் சொல்லும் அதன் சுற்றமும்



'முக்கியம்' என்னும் சொல்லுக்கு இந்நாளில் ஓய்வே கிடையாது. செய்தி முக்கியச் செய்தி. சாலை முக்கியச் சாலை. விழாவுக்கு வருபவர் முக்கியஸ்தர். தேர்வுக்கு முந்திய இரவு மாணவர் கையில் இருப்பவை முக்கிய வினாக்கள். வடமொழியில் 'முகம்' என்னும் சொல்லிலிருந்து பிறந்தது இது. உடம்பின் முன்னே நிற்பது முகம்; ஆகையால் முன்னே நிற்கத்தக்கது எதுவோ அது முக்கியம் ஆயிற்று. நல்ல சொல்தான், அதன்மீது எனக்குப் பகை ஒன்றும் இல்லை. ஆனால் ஆங்கிலத்திலிருந்து ஒன்றைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது, பத்துப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களின் சுமையை இந்த ஒரு சொல்லின் தலையில் ஏற்றிவிடுகிறோம். 'இம்பார்ட்டன்ட்' என்றாலும் முக்கியம். 'சிக்னிஃபிகன்ட்' என்றாலும் முக்கியம். 'குரூஷியல்' என்றாலும் முக்கியம். 'மெட்டீரியல்', 'ஸப்ஸ்டான்ஷியல்' என்றாலும் அதுவே. மனச்சான்று சற்று உறுத்தினால் 'மிக முக்கியம்' என்று ஒரு 'மிக' சேர்த்துக்கொள்கிறோம்.

இதனால் தமிழ் கெடுகிறது என்று புலம்ப நான் வரவில்லை. தமிழ் அவ்வளவு எளிதில் கெடுவதன்று. கேட்பவர் கெடுகிறார் என்பதே என் கவலை. மருந்தைப் பற்றிய அறிக்கையைப் படிக்கும் நோயாளியும், காப்பீட்டுப் படிவத்தை நிரப்பும் குடும்பத் தலைவரும், தம் வழக்கு உயர் நீதிமன்றத்தில் ஏன் நிற்கவில்லை என்று அறிய விரும்பும் உழவரும், ஆங்கிலத்தில் வேறு வேறாக இருந்தவற்றைத் தமிழில் ஒன்றாகக் கண்டு மயங்குகின்றனர். அம்மயக்கத்தின் விலையைக் கொடுப்பவரும் அவர்களே.

ஒரு பொருள் குறித்த பல சொற்களைத் தொகுத்து வைப்பது நமக்குப் புதிதன்று. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்று தொகுதி தொகுதியாக வகுத்துச் சொற்களைச் சேர்த்தன நம் நிகண்டுகள். ஆங்கிலத்தில் அத்தகைய பணியைப் பெருமுயற்சியாகச் செய்து முடித்தவர் பீட்டர் மார்க் ரோஜட் என்னும் மருத்துவர். இராயல் சொசைட்டியின் செயலாளராகவும் இருந்தவர். 1805ஆம் ஆண்டிலேயே தமக்கென்று ஒரு சொற்பட்டியலை வகுத்து வைத்துக்கொண்ட அவர், 1852ஆம் ஆண்டில், தம் 73ஆம் வயதில், அதனை விரித்து 'தெஸாரஸ்' என்னும் நூலாக வெளியிட்டார். அந்நூலில் முக்கியத்துவத்தைக் குறிக்கும் சொற்கள் ஒரு பக்கமும், முக்கியமின்மையைக் குறிக்கும் சொற்கள் அதற்கு எதிர்ப்பக்கமுமாக நிற்கும். ஆனால் ரோஜட் சொற்களைக் கூட்டி வைத்தாரேயன்றி, அவற்றிடையே உள்ள வேறுபாட்டை விளக்கவில்லை. தெரிந்தவர் எடுத்துக்கொள்க என்று விட்டுவிட்டார்.

வேறுபாட்டை விளக்க முனைந்தவர்கள் அவருக்கு முன்பே இருந்தனர். அகராதியாசிரியர் ஜான்சனுக்கு நெடுநாள் தோழியாக இருந்த ஹெஸ்டர் பியோஸி அம்மையார் 1794ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். அவர் மணந்துகொண்டவர் இத்தாலிய நாட்டு இசைவாணர். அயல்நாட்டவர் ஆங்கிலச் சொற்களிடையே எங்கே தடுமாறுவர் என்பதை அம்மையார் தம் வீட்டிலேயே கண்டிருப்பார் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. பின்னர் 1816ஆம் ஆண்டில் ஜார்ஜ் கிராப் என்பவர் இன்னும் விரிவாக, சொல்லுக்குச் சொல் எல்லை வகுத்து எழுதினார். மொழிபெயர்ப்பாளனுக்கு உறவு, கூட்டி வைத்த ரோஜட்டைவிடப் பிரித்துக் காட்டிய இவ்விருவருமே.

அவர்கள் வழியில் சில சொற்களைப் பிரித்துப் பார்ப்போம்.

'இம்பார்ட்டன்ட்' என்பது இலத்தீன் மொழியில் 'உள்ளே கொண்டுவருதல்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. துறைமுகத்தில் சரக்கு இறக்குமதியைக் குறிக்கும் 'இம்போர்ட்' இதற்கு உடன்பிறப்பு. எது தன்னோடு விளைவுகளை உள்ளே கொண்டுவருகிறதோ அது 'இம்பார்ட்டன்ட்'. அவ்விளைவு யாருடைய வீட்டுக்குள் வருகிறது என்பதைப் பொறுத்தே இச்சொல் உண்மையாகும். எனவே யாருக்கு, எதற்கு என்னும் கேள்விகள் இச்சொல்லின் பின்னே எப்போதும் நிற்கும். சித்திரை மாத மழை உழவனுக்கு ஒரு வகையில் முக்கியம். திறந்த வெளியில் திருமணப் பந்தல் போட்டவனுக்கு வேறு வகையில் முக்கியம். நம் 'முக்கியம்' இச்சொல்லுக்கு நன்றாகவே பொருந்துகிறது; இதற்கு அப்பால் போகும்போதுதான் தொல்லை.

எடையைக் கொண்டு பிறந்த சொற்கள் சில உண்டு. 'கிரேவ்' என்றால் கனமானது. நம் நாட்டிலும் அமைச்சரையும் நீதிபதியையும் 'கனம்' என்னும் அடைமொழியிட்டுக் குறிப்பிட்ட வழக்கம் இருந்தது. அதே எடைதான், இங்கே மதிப்பாயிற்று, அங்கே கவலையாயிற்று. 'கிரேவ்' என்று ஆங்கில மருத்துவர் சொன்னால் நோயாளியின் வீட்டார் அழத் தொடங்குவர். 'மொமென்டஸ்' என்பதும் எடையைச் சேர்ந்ததே. ஆனால் அது வேறு எடை. தராசு இரு பக்கமும் ஒத்து நிற்கும்போது, ஒரு தட்டைச் சாய்த்துவிடும் சிறு துணுக்கு இலத்தீனில் 'மொமென்டம்'. அதிலிருந்தே 'கணம்' என்னும் காலப் பொருளும் கிளைத்தது. ஆகையால், எந்தக் கணத்திற்குப் பிறகு நிலைமை திரும்பிவிடுகிறதோ, அந்தக் கணத்துக்கே 'மொமென்டஸ்' உரியது. 1947ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களின் அந்த நள்ளிரவு மொமென்டஸ். நாள்தோறும் உண்ணும் சோறு உயிரைக் காப்பதுதான். எனினும் அதனை மொமென்டஸ் என்றால் நகைப்பர்.

'குரூஷியல்' என்னும் சொல்லின் கதை சுவையானது. 1620ஆம் ஆண்டில் பிரான்சிஸ் பேகன் இலத்தீனில் எழுதிய 'நோவம் ஆர்கனம்' என்னும் நூலில், இரண்டு கொள்கைகளிடையே அறிவு தடுமாறி நிற்கும்போது ஒன்றின் பக்கம் வழிகாட்டும் சான்றைக் குறிக்க ஒரு தொடரை ஆண்டார். சாலைகள் பிரியும் இடத்தில் நடப்பட்ட கைகாட்டி மரம் அவர் மனத்தில் இருந்த உவமை. 1672ஆம் ஆண்டில் நியூட்டன், ஒளியைப் பட்டகத்தின் வழியே செலுத்தி நிறங்களைப் பிரித்து, அவற்றுள் ஒரு நிறத்தை மட்டும் இரண்டாம் பட்டகத்தின் வழியே செலுத்திக் காட்டிய சோதனையை அதே வகைப் பெயரால் அழைத்தார். குரூஷியலானதற்கு இரண்டு வழிகள் வேண்டும். எது வழி என்னும் ஐயம் வேண்டும். ஐயத்தைத் தீர்க்கும் கைகாட்டி வேண்டும். ஐந்து ஆட்டங்கள் கொண்ட தொடரில் மூன்றை ஒரு கட்சி வென்றுவிட்ட பிறகு, நான்காம் ஆட்டம் சீட்டு வாங்கியவருக்கு முக்கியமாக இருக்கலாம், குரூஷியல் ஆகாது. 'முடிவைத் தீர்க்கும் ஆட்டம்' என்று நம் நாளிதழ்கள் எழுதும்போது சரியாகவே எழுதுகின்றன. 'முக்கியமான ஆட்டம்' என்று எழுதும்போது கைகாட்டியைப் பிடுங்கிவிடுகின்றன.

'வைட்டல்' என்பது உயிரைக் குறிக்கும் சொல்லிலிருந்தும், 'எஸென்ஷியல்' என்பது இருத்தலைக் குறிக்கும் சொல்லிலிருந்தும் வந்தவை. பின்னதற்கு 'இன்றியமையாத' என்று நம்மிடம் இருக்கும் சொல், ஆங்கிலச் சொல்லைவிட விளக்கமானது. அது இல்லாமல் இது அமையாது என்று ஒரு வாக்கியத்தையே தன்னுள் அடக்கியிருக்கிறது. பிறப்பு இறப்புக் கணக்கை ஆங்கிலத்தில் 'வைட்டல் ஸ்டாடிஸ்டிக்ஸ்' என்பர். அதனை 'முக்கியப் புள்ளிவிவரங்கள்' என்று பெயர்த்திருந்த தாள் ஒன்றை நான் பார்த்ததுண்டு. முக்கியமற்ற புள்ளிவிவரங்களை எந்த அறையில் வைத்திருக்கிறார்களோ!

இவை சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. சிரிக்க முடியாத இடத்திற்கு இனி வருவோம்.

'சிக்னிஃபிகன்ட்' என்பது குறி என்று பொருள்படும் இலத்தீன் சொல்லோடு தொடங்குகிறது. குறியாக நிற்பது, தனக்கு அப்பால் ஒன்றைச் சுட்டுவது என்பது அதன் அடிப்படை. நாம் வழங்கும் 'குறிப்பிடத்தக்க' என்னும் சொல்லிலும் அதே குறி இருக்கிறது. பொது வழக்கில் ஆங்கிலச் சொல்லும் நம் சொல்லும் தேய்ந்து, 'கொஞ்சம் பெரிய' என்னும் பொருளுக்கு இறங்கிவிட்டன. ஆனால் புள்ளியியல் அறிஞர் அதனை எடுத்துத் தனிப்பொருள் கொடுத்தனர். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1919ஆம் ஆண்டு முதல் பணியாற்றிய ரொனால்டு ஃபிஷர், 1925ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளருக்காக எழுதிய நூலால் இப்பொருள் உலகெங்கும் பரவிற்று. பிறகு 1935ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றொரு நூலில் அவர் ஒரு தேநீர்ச் சோதனையை விவரிக்கிறார். அதனைக் கூறாமல் இச்சொல்லை விளக்க எனக்குத் தெரியவில்லை.

ஓர் அம்மையார், கோப்பையில் முதலில் பாலை ஊற்றினார்களா, தேநீரை ஊற்றினார்களா என்பதைக் குடித்துப் பார்த்தே சொல்லிவிடுவதாகக் கூறுகிறார். எட்டுக் கோப்பைகள் தயார் செய்கிறார்கள். நான்கில் பால் முதல், நான்கில் தேநீர் முதல். வரிசையைக் கலைத்துக் கொடுக்கிறார்கள். எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. ஆகவே ஒன்றும் தெரியாதவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும், எல்லாம் சரியாக அமைந்துவிட எழுபதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. இருபதில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பானால் 'வெறும் தற்செயல்' என்று தள்ளிவிடாமல் கவனிக்கலாம் என்பது ஃபிஷர் வசதிக்காக வைத்துக்கொண்ட எல்லை. எழுபதில் ஒன்று அந்த எல்லைக்குள் அடங்குகிறது. ஆகையால் முழுவதும் சரியாகச் சொன்னால் அது 'சிக்னிஃபிகன்ட்'. ஒரு கோப்பையை மாற்றிச் சொல்லி, நான்கில் மூன்றைச் சரியாகக் கண்டாலோ, அவ்வளவாவது ஊகத்தால் அமைந்துவிட எழுபதில் பதினேழு வாய்ப்பு; ஏறக்குறைய நான்கில் ஒன்று. அது 'சிக்னிஃபிகன்ட்' ஆகாது.

நேயர்கள் கவனிக்க வேண்டும்: பால் முதலா தேநீர் முதலா என்று கண்டுபிடிக்கும் திறமையால் உலகுக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. அது எள்ளளவும் முக்கியமானதன்று. ஆயினும் 'சிக்னிஃபிகன்ட்'. தற்செயலால் மட்டும் விளைந்தது என்று எளிதில் தள்ள முடியாத குறி என்பதற்கு மேல் இச்சொல் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது மருந்துக்கு வருவோம். ஒரு புதிய மருந்து இரத்த அழுத்தத்தை ஒரே ஒரு மில்லிமீட்டர் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பல்லாயிரம் பேரிடம் சோதித்தால், அந்த ஒரு மில்லிமீட்டரும் 'சிக்னிஃபிகன்ட்' என்று கணக்கில் தேறிவிடக்கூடும். ஏனெனில் சோதனை பெருகப் பெருக மிகச் சிறிய வேறுபாடும் கண்ணுக்குப் புலப்படும். அதனைத் தமிழில் 'இம்மருந்தால் முக்கியமான பயன் விளைந்தது' என்று எழுதினால், தன் நகையை அடகு வைத்தாவது அம்மருந்தை வாங்க ஒரு தாய் முனைவாள். மறுபுறம், பத்துப் பன்னிரண்டு பேரிடம் மட்டும் சோதித்த நல்ல மருந்து 'சிக்னிஃபிகன்ட் அன்று' என்று திரும்பலாம். அதனை 'முக்கியமான பயன் இல்லை' என்று பெயர்த்தால், பயனே இல்லையென்று மக்கள் கைவிடுவர். இரண்டும் மொழிபெயர்ப்பாளன் இழைத்த கேடு. ஆங்கிலம் வழங்கும் நாடுகளிலும் இம்மயக்கம் உண்டு. 2016ஆம் ஆண்டில் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம், இக்கணக்கு விளைவின் அளவையோ முடிவின் முக்கியத்துவத்தையோ காட்டாது என்று அறிக்கையாகவே வெளியிட நேர்ந்தது. 2019ஆம் ஆண்டில் அச்சங்கத்தின் இதழில், இத்தொடரையே கைவிடலாம் என்று தலையங்கம் எழுதப்பட்டது. சொல்லைப் பெற்றவர்களே இவ்வாறு அஞ்சும்போது, அதனைத் தத்தெடுத்த நாம் எவ்வளவு அஞ்சவேண்டும்! 'தற்செயல் எனத் தள்ள இயலாத வேறுபாடு' என்று சற்று நீளமாகவே எழுதிவிடலாம் என்பது என் கருத்து. நீளம் பெருங்குற்றமன்று, எழுதுகிற இடத்தில் வேறுபாடு எவ்வளவு என்ற எண்ணையும் சேர்த்து எழுதினால் இன்னும் நன்று.

அடுத்து 'மெட்டீரியல்'. இதற்கு நம் மொழியில் உள்ள உறவை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. ஆங்கிலத்தில் 'மேட்டர்' என்றால் பொருள். 'அது மேட்டர் ஆகுமா' என்றால் அது ஒரு பொருட்டா என்று அர்த்தம். நாமும் பொருள் என்கிறோம், பொருட்டு என்கிறோம், பொருட்படுத்துதல் என்கிறோம். இரு மொழியும் ஒன்றையொன்று கேளாமலே ஒரே வழியில் நடந்திருக்கின்றன. எனவே சட்டத்தில் வரும் 'மெட்டீரியல்' செய்தியைப் 'பொருட்படுத்தத்தக்க செய்தி' எனலாம். முக்கியச் செய்தி எனலாகாது. யார் பொருட்படுத்த வேண்டும் என்பதே கேள்வி. 1906ஆம் ஆண்டு ஆங்கில நாட்டுக் கடற்காப்பீட்டுச் சட்டம் இதற்கு விடை கூறிற்று: கட்டணத்தை வரையறுப்பதிலோ, பொறுப்பை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதிலோ, விவேகமுள்ள காப்பீட்டாளரின் தீர்ப்பை எது பாதிக்குமோ அது மெட்டீரியல். நம் நாட்டின் 1963ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வழியே சென்றது.

ஆயுள் காப்பீட்டுப் படிவம் நிரப்புகிறவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் நெஞ்சு வலிக்காக மூன்று நாள் மருத்துவமனையில் கிடந்தார், எழுந்து வந்துவிட்டார், மறந்தும்விட்டார். 'முக்கியமான நோய் ஏதேனும் வந்ததுண்டா' என்று தமிழில் கேட்டால், 'இல்லை' என்று நெஞ்சறிய உண்மையாகவே எழுதுவார். அவருக்கு அது முக்கியமன்று. இரண்டாண்டில் அவர் இறந்தால், அவர் மனைவியிடம் 'மெட்டீரியல் செய்தியை மறைத்தார்' என்பார்கள். அதே சொல் அப்பெண்ணுக்கு அரணாகவும் நிற்கும் என்பதையும் சொல்ல வேண்டும். 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, 2015ஆம் ஆண்டில் திருத்தப்பட்டபடி, காப்பீட்டாளர் ஏற்ற அபாயத்தோடு நேரடித் தொடர்பு இல்லாத செய்தியை மெட்டீரியல் எனக் கொள்ளலாகாது என்கிறது. மூன்றாண்டு கடந்த பிறகு எக்காரணத்தாலும் அம்முறியை எதிர்த்து வழக்காடக் கூடாது என்றும் கூறுகிறது. பல்வலியை மறைத்தார் என்று பணத்தை மறுக்க முடியாது. பல்வலி அனுபவித்தவருக்கு அது எவ்வளவு முக்கியமாக இருந்தாலும் சரி.

கடைசியாக 'ஸப்ஸ்டான்ஷியல்'. அடியில் நிற்பது என்பது இதன் வேர்ப்பொருள். உள்ளே சரக்கு இருப்பது. நெல்மணியையும் பதரையும் தூற்றிப் பார்த்த நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 100ஆம் பிரிவு 1976ஆம் ஆண்டில் திருத்தப்பட்டதிலிருந்து, 'ஸப்ஸ்டான்ஷியல்' ஆன சட்ட வினா ஒன்று இருந்தாலன்றி உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு நிற்காது. வரப்பு வழக்கில் தோற்ற உழவர் ஒருவரிடம், 'உன் வழக்கில் முக்கியமான சட்டக் கேள்வி ஒன்றும் இல்லையாம்' என்று தமிழில் சொன்னால், 'என் மூன்று ஏக்கர் முக்கியமில்லையா?' என்றே அவர் கேட்பார். அவர் கேட்பதில் நியாயம் உண்டு. அவருடைய நிலம் முக்கியமன்று என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. வாதத்திற்கு இடமுள்ள, உயர்ந்த மன்றங்கள் முன்பே தீர்த்து முடிக்காத சட்ட வினா அவ்வழக்கில் இல்லை என்பதுதான் சொல்லப்பட்டது. 1951ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு ஆயம் இச்சொல்லை இவ்வாறே ஆராய்ந்தது. 1962ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், சூனிலால் மேத்தா வழக்கில், அச்சென்னைக் கருத்தைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது. 1927ஆம் ஆண்டிலேயே இலண்டன் பிரிவி கவுன்சில், ஊருக்கெல்லாம் பொருந்தும் வினாவாக இருக்க வேண்டியதில்லை, வழக்காடுவோர் இருவரிடையே ஸப்ஸ்டான்ஷியலாக இருந்தால் போதும் என்று கூறியிருந்தது.

ஸப்ஸ்டான்ஷியல் வேறு, இம்பார்ட்டன்ட் வேறு என்பதை இதைவிடத் தெளிவாக நம் அரசியலமைப்பே காட்டுகிறது. அதன் 133ஆம் உறுப்பு, உரிமையியல் வழக்குகள் உச்ச நீதிமன்றம் செல்லும் வழியைக் கூறுவது. தொடக்கத்தில், வழக்கின் மதிப்பு இருபதாயிரம் ரூபாய்க்குக் குறையாதிருந்தால் செல்லலாம் என்று பணத்தை அளவுகோலாக வைத்திருந்தார்கள். 1972ஆம் ஆண்டின் 30ஆம் திருத்தம் அப்பண அளவை நீக்கிற்று. இப்போது இரண்டு தகுதிகள் ஒரே தொடரில் வேண்டப்படுகின்றன: சட்ட வினா 'ஸப்ஸ்டான்ஷியல்' ஆக இருக்கவேண்டும், அதனோடு பொதுவான 'இம்பார்ட்டன்ஸ்' உடையதாகவும் இருக்கவேண்டும். அவ்வினாவை உச்ச நீதிமன்றமே தீர்க்கவேண்டும் என்று உயர் நீதிமன்றம் கருதவும் வேண்டும். முதலிரண்டையும் 'முக்கியம்' என்று பெயர்த்தால் 'பொது முக்கியத்துவம் வாய்ந்த முக்கியமான சட்ட வினா' என்று வரும். சட்டம் இரண்டு கதவுகள் வைத்தது. மொழிபெயர்ப்பு ஒரு கதவைச் சுவரோடு பூசிவிட்டது. 2019ஆம் ஆண்டு முதல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சில தமிழிலும் பெயர்க்கப்பட்டு வருகின்றன. பெயர்ப்பதில் பொறியின் துணையும் கொள்ளப்படுகிறது. பொறிக்குப் பதரும் மணியும் ஒன்றாகத் தோன்றுமாயின், பக்கத்தில் அமர்ந்து திருத்தும் மனிதருக்காவது வேறாகத் தோன்றவேண்டும்.

நான் அத்தொடரை 'பொதுமக்கள் பலருக்கும் முக்கியமான, உள்ளீடுள்ள சட்ட வினா' என்று பெயர்ப்பேன். 'உள்ளீடுள்ள' என்பது நீதிமன்றத்துக்குச் சற்று வீட்டுச் சொல்லாகத் தோன்றலாம். காயை உடைத்துப் பார்த்து உள்ளீடு இருக்கிறதா என்று கேட்கும் மக்களுக்கு உடனே விளங்கும் என்பதால் அதனைத் தேர்ந்தேன். சட்டமும் தமிழும் ஒருங்கே கற்றவர் எவரேனும் இதனினும் பொருத்தமான சொல்லைக் காட்டுவாராயின், என் சொல்லை விட்டு அதனையே எடுத்துக்கொள்வேன்.